தலைவர் வீட்டிலிருந்தே ஆரம்பம்

வடிகால்மேல் கட்டிய வாசற்படிகளை இடிக்காவிட்டால், இந்த மழைக்கும் தெரு முழுக்கக் குளம்தான்.

“முதல்ல எதிர்வீட்டை இடிங்க சார்!” என்றார்கள் கூட்டத்துக்கு வந்த ஒவ்வொருவரும். நகராட்சிப் பொறியாளர் தலையில் கைவைத்தார்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் எழுந்தார்.

“என் வீட்டிலேர்ந்தே ஆரம்பிங்க. கிரானைட் படிதான். பரவாயில்ல, இடிங்க!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வெட்கப்பட்டுப்போய் அத்தனை பேரும் சம்மதக் கையெழுத்துப் போட்டார்கள். பொறியாளருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

தலைவர் வீடு திரும்பியதும் மனைவி கதவைச் சாத்தினாள்.

“எப்போ இடிக்க வருவாங்களாம்?”

“அடுத்த மாசம்.”

“அப்பாடா! அதுக்குள்ள நாம சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்பிடலாம். பாவங்க, வீட்டை வாங்கினவரு அந்தப் படியைப் பார்த்துத்தானே மயங்கினாரு!”