மிட்டாய் மோதிரம்

"அப்படியே வாயில போடக் கூடாது ஆன்ட்டி. முதல்ல கதவைத் தட்டணும்!"

பள்ளிக்கூட விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்க வந்த சிறுமி, ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டியபடியே, கையிலிருந்த மிட்டாயால் தன் நெற்றியில் டொக் டொக்கென்று தட்டினாள். "யாரு, சர்க்கரை மாமாவா? சட்டையைக் கழட்டிட்டு உள்ள வாங்க!" என்று கட்டைக் குரலில் சொல்லிவிட்டு, மேல் தாளை உரித்தாள்.

அழுகிற பிள்ளைகளைச் சிரிக்க வைக்க அந்த ஸ்டூடியோவில் எப்போதும் ஒரு டப்பா மிட்டாய் இருக்கும். வாயில் போட்டதும் கடக்கென்று கடிப்பவர்கள், சட்டையெல்லாம் ஒழுகவிடுபவர்கள் என்று எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவள் போட்டோக்காரி. இப்போது மட்டும் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"அந்தத் தாளை என்ன பண்ணுவே? சுண்டு விரல்ல மோதிரமாச் சுத்திக்குவியா?"

"ஆமா! மிட்டாய் கரையற வரைக்கும் கழட்டக் கூடாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா கேட்டேன். யாரு சொல்லிக் கொடுத்தா?"

"அப்பா!"

பக்கத்தில் நின்ற அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அதை ஏன் கேக்கறீங்க அக்கா! இது அவரோட கிறுக்கு. மகளுக்கும் ஒட்டிக்கிச்சு. ரெண்டு பேரும் எதிரும் புதிருமா உக்காந்து நெத்தியில தட்டிக்கிட்டிருந்தா, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

போட்டோக்காரி சிரித்தாள். சிறுமியின் முகவாயைத் தொட்டு நிமிர்த்தினாள். விளக்கைச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. படம் எடுத்து முடித்ததும் அம்மாவிடம் திரும்பினாள்.

"மூணு பேரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கலாமே? அவரையும் கூட்டிட்டு வாயேன்."

"அவரா? கேமராவைக் கண்டாலே காத தூரம் ஓடுவார். அதுவும் போக, அவர் வீட்ல இருக்கறதே சனி, ஞாயிறுதான். மருந்துக் கம்பெனி வேலை. மத்த நாளெல்லாம் ஊர் ஊராச் சுத்தணும்."

"அப்போ ஞாயித்துக்கிழமை நானே உங்க வீட்டுக்கு வந்துடறேன்."

"ஐயோ, நாங்க இந்த ஊரே இல்லக்கா. தம்பி வீட்டுக்கு வந்த இடத்துல, அப்படியே இவளுக்குப் படம் எடுத்துக்கலாம்னு நுழைஞ்சோம். எங்க ஊருக்கு வந்து போனா பாதி நாள் பஸ்லயே போயிடும்."

"போகட்டும்."

"கடையை மூடணுமே?"

"மூடிட்டு வர்றேன்."

"அவ்வளவு தூரம் வந்து எடுத்தா காசு நிறைய ஆகுமே..."

"அக்கான்னு வாய் நிறையக் கூப்பிட்டுட்டே. உன்கிட்ட காசு வாங்கினா நல்லாவா இருக்கும்? விலாசத்தை மட்டும் சொல்லு."

"இப்படி ஒரு பிடிவாதத்தை நான் பார்த்ததே இல்லக்கா!" அம்மா சிரித்துக்கொண்டே விலாசத்தைச் சொன்னாள். போட்டோக்காரி ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டாள்.

"அவர்கிட்ட முன்னாடியே சொல்லிடாதே. நழுவிடப் போறார்."

"மூச்சு விட மாட்டேன். கதவைத் திறந்ததும் கேமராவோட நீங்க நிப்பீங்க. அப்போ அவர் மூஞ்சியைப் பாக்கணுமே!"

"எனக்கும் அதைத்தான் பாக்கணும்."

சிறுமி சுண்டு விரலை ஆட்டி விடைபெற்றாள். இருவரும் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றிருந்த போட்டோக்காரி, உள்ளே வந்து கைப்பேசியில் தன் கணவனை அழைத்தாள்.

"ஏங்க, இந்த ஞாயித்துக்கிழமையும் வெளியூர்தானா?"

"ஆமாம்மா. மருந்துக் கம்பெனிக்காரனுக்கு ஏது லீவு?"

"பரவாயில்ல, போயிட்டு வாங்க. எனக்கும் அன்னைக்கு வெளியூர்ல ஒரு குடும்பப் போட்டோ எடுக்க வேண்டியிருக்கு."