பாறைமேல் சிவப்புப் புடவை

ஜவ்வாது மலைப் பாறையில் விரித்திருந்த சிவப்புப் புடவைக்கு மேலே, மகன் வெள்ளையன் ஓட்டிவந்த சின்ன விமானம் நான்காவது முறையாகச் சுற்றியது.

"இன்னாமே, இன்னுமா புள்ள தெரியல? பாத்ததும் புடவைய எடுத்துடு, அப்பத்தான் மெட்ராசுக்குத் திரும்புவேன்னு லெட்டர்ல எழுதினானே!" என்று கத்தினார் ரங்கசாமி.

"கண்ணு மங்கிப்போச்சுய்யா" என்றாள் கெங்கம்மாள்.

ஐந்தாவது சுற்றும் முடிந்தது. பொறுக்க முடியாமல் அவரே புடவையை எடுக்கப் போனார். கெங்கம்மாள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சும்மா இருய்யா! மொத சுத்துலயே பாத்துட்டேன், மீசைய எடுத்துட்டான். பெரிய பிளேன் வேலைக்கு இன்னும் நூறு மணி நேரம் பறந்து காட்டணும்னும் அதே லெட்டர்லதான எழுதியிருக்கான்? நம்ம வூட்டு மேலயே கொஞ்சம் பறக்கட்டும்!"