சத்தம் அடங்கிய கார்

கார் புரோக்கர் ஹென்றி கொண்டுவந்த பழைய வண்டியை ஸ்டார்ட் செய்ததுமே மெக்கானிக் ஞானத்துக்குப் புரிந்துவிட்டது.

"இன்ஜின் பொகைய வெளிய தள்ற மேனிபோல்டுல விரிசல் கீது மாமு. சத்தம் மட்டும் இல்ல, அந்தப் பொகை வண்டிக்குள்ளயும் வரும். கண்ணுக்குத் தெரியாது, ஆளையே சாய்ச்சிடும். புதுசு மாத்திடு."

"சாயந்தரம் பார்ட்டி வருது. நீ சத்தத்த மட்டும் அமுக்கு."

ஞானம் விரிசலில் பேஸ்ட்டை அப்பினான். "கண்ணாடிய எறக்கிவுட்டு ஓட்டச் சொல்லு."

"பார்ட்டி எண்ணூர்க்காரன். அங்க பவர் ஹவுஸ்லேர்ந்து பறக்கற சாம்பல்ல கண்ணாடிய எறக்குவானா?"

இருவரும் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் அதே கார் ஞானத்தின் ராயபுரம் பட்டறை வாசலில் வந்து நின்றது. அதை வாங்கிய திருமலை, கையில் ஸ்வீட் டப்பாவோடு உள்ளே வந்தான்.

"நீ பாத்த வண்டின்னு ஹென்றி சொன்னாரு. அத நம்பித்தாண்ணா வாங்கினேன்."

"நல்லா ஓடுதா?"

"எனக்குத்தான் கொஞ்சம் தலவலி. ஆனா எம்பொண்ணு வூட்டுல தூங்காம அழுதுகினே இருப்பா. இதுல ஏறி ஏசி போட்டா போதும், அசந்துடறா."

வாசலில் இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"வண்டிய ஏன் ஆஃப் பண்ணாம வந்த?"

"ஏசி நின்னா முழிச்சிக்குவாண்ணா. எண்ணூர்லேர்ந்து அசையாம தூங்கினுகீறா. நீ ஸ்வீட் எடுத்துக்க."