அம்மிக்குழவி மேல் பழி

“ஒடச்சது நானாக்கும், டாக்டர் சாரே. அம்மிக்குழவியாலதான். எந்தத் தண்டனையும் ஏத்துக்கிடுதேன்.”

யாரும் கேட்பதற்கு முன்பே செல்லதுரை ஒப்புக்கொண்டார். டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. அவர் மடியிலிருந்த மிளகுச் சாக்கைப் பார்த்தார். சாக்கிலிருந்து சுந்தரி என்கிற பூனை தலையை நீட்டியது. முன்னங்கால் விரல்கள் கொழுக்கட்டையாய் வீங்கியிருந்தன.

குற்றம் நடந்தது மட்டாஞ்சேரி வீட்டு அடுக்களையில். மனைவி ஆவுடையம்மாளுக்குக் காய்ச்சல் என்று, செல்லதுரை வாழ்க்கையில் முதன்முறையாகச் சட்னி அரைக்க உட்கார்ந்தார். தேங்காய் அரைபடவில்லை, குழவி மட்டும் உருண்டு கீழே விழுந்தது. பக்கத்தில் படுத்திருந்த பூனை அலறிக்கொண்டு ஓடியது. மறுவாரம் நொண்டியது.

அப்புறம் ஆவுடையம்மாள் அவரிடம் பேசுவதில்லை. மீன் குழம்பில் நடுத்துண்டு பூனைக்கு, முள் அவருக்கு. பூனையோ அந்தத் துண்டையும் தொடாமல், லொக்கு லொக்கென்று இருமிவிட்டு அவருக்கு முதுகைக் காட்டியது. கோபத்தில் வீட்டம்மாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

டாக்டர் எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். காலைப் பார்த்தார். நெஞ்சைக் கூடுதல் நேரம் பார்த்தார்.

“எடோ, இது அடிபட்டதல்ல. நெஞ்சில கேன்சர். அது எலும்பில எறங்கி, விரல் வீங்கினதாணு. ஒங்க குழவிக்கு இதில ஒரு பங்குமில்லா.”

செல்லதுரையின் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டுமே. மேற்கொண்டு டாக்டர் சொல்ல வந்ததைக் கேட்க ஆள் அங்கே இல்லை. எர்ணாகுளம் ஜெட்டியில் படகேறியதும், டிரான்சிஸ்டரைக் காதில் வைத்திருந்த முன்பின் தெரியாத ஒரு சேட்டனிடம், “நான் ஒடைக்கல சேட்டா!” என்றார். சேட்டன் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

வீட்டு வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

“ஏட்டி ஆவுட! ஒம் புருசன் நிரபராதி! கால்ல அடிபடவே இல்லியாம். நெஞ்சுல கேன்சராம், அதுதான் எலும்புல எறங்கி…”

சொல்லச் சொல்லத்தான் அவருக்கே அது காதில் விழுந்தது.

ஆவுடையம்மாள் சாக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பூனை இருமி முடிக்கும்வரை அதன் முதுகைத் தடவினாள். பிறகு, இத்தனை நாள் கழித்து, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“நீங்களே ஒடச்சிருக்கக் கூடாதா?”