எலி கடித்த பலகை

“தண்ணி தெளிக்காம சுரண்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” வீட்டுக்கார அம்மா ஸ்பிரேயரும் கையுமாக வந்து நின்றாள்.

பெயிண்டருக்கு எரிச்சல். மூன்று நாளாக இதே பாட்டு. தூளைப் பெருக்கக் கூடாதாம், ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டுமாம்.

“பழைய பெயிண்ட்தானேம்மா, எழுந்து வந்து கடிக்கவா போகுது?”

“அதுல ஈயம் இருக்கு தம்பி. விஷம். நாளைக்குக் குடிவர்றவங்களுக்குக் கைக்குழந்தை இருக்கு. நாக்குல பட்டா இனிக்கும், அப்புறம் குழந்தை விடவே விடாது.”

ஒருவழியாக எல்லாம் முடிந்தது. மிச்சம், தாழ்வான ஜன்னலின் பலகை ஒன்றுதான். சுரண்டியோடு அவன் குனிந்ததும் அவள் குறுக்கே கை வைத்தாள்.

“இதைச் சுரண்ட வேண்டாம். அப்படியே கழட்டி, பிளாஸ்டிக்ல சுத்தி என்கிட்ட குடுத்துடுங்க. இங்க புதுசு போட்டுக்கலாம்.”

“விஷம்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? அதுவும் விளிம்பெல்லாம் எலி கடிச்சு வெச்சிருக்கு. இதைக் கொண்டுபோய் என்ன பண்ணப் போறீங்க?”

விளிம்பில் இருந்த சின்னச் சின்னப் பள்ளங்களை அவள் விரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள்.

“எலி இல்ல தம்பி. என் பொண்ணு. அப்பத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கப் பழகியிருந்தா. பல்லு வர்ற நமைச்சல், கடிச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டோம். நாலு பல்லு முளைச்சுது.”

கடைசிப் பள்ளத்தில் அவள் விரல் நின்றது.

“அஞ்சாவது பல்லை நாங்க பார்க்கவே இல்ல.”