பாலத்துக்கு மறுதேர்வு

பட்டதாரிகள் தங்கள் முதன்மைப் பாடங்களை ஆண்டுதோறும் திரும்ப எழுத வேண்டும். குறைந்தபட்ச மதிப்பெண் அறுபது. தவறினால் பட்டம் செல்லாது, அந்தப் பட்டத்தை வைத்துக் கட்டியதும் செல்லாது. பொறியாளர் அமலோற்பவத்துக்கு இந்த ஆண்டு மண்ணியலில் ஐம்பத்தெட்டு. அவள் கட்டிய ஆற்றுப்பாலத்தைக் காலையிலேயே கயிறு கட்டி மூடிவிட்டார்கள்.

"பாலத்துக்கு என்னக்கா ஆச்சு?" என்றார் பால்காரர்.

"அதுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் மார்க் குறைஞ்சிருச்சு. இன்னைக்கே திரும்ப எழுதிருவேன்."

பாலத்தின் முனையிலேயே மேசை போட்டு உட்கார்ந்தாள். தேர்வாளர் அக்கரையில் வந்து இறங்கினார். சுற்றி வந்தால் ஒரு மணி நேரம் ஆகும். கடிகாரத்தைப் பார்த்தார், கயிற்றுக்கடியில் குனிந்து நுழைந்து விறுவிறுவென்று நடந்து வந்தார்.

"நேரமாயிரும்னு இப்படியே வந்துட்டேம்மா."

"பயமா இல்லையா சார்?"

"இதுல என்ன பயம்?" என்றபடி வினாத்தாளை நீட்டினார்.

முதல் கேள்வி: 'இப்பாலம் பாதுகாப்பானதா? சான்றுடன் விளக்குக.'

அமலோற்பவம் பேனாவைத் திறந்தாள்.

"சார், உங்க முழுப் பேரு சொல்லுங்க."