ஆளுக்கு அரை நிமிஷம்

“கிரகத்துக்கு லைட் அடிச்சுக் காட்டறீங்களே, அது என்ன பதிலுக்குத் திருப்பி அடிக்கவா போகுது? அணைங்க முதல்ல!”

“சாரி அண்ணே. கை தெரியாம பட்டுடுச்சு.”

“மூணு தடவை வந்தீங்க, மூணு தடவையும் பட்டுடுச்சா? நகருங்க, நகருங்க.”

செல்போன் வெளிச்சம் அணைந்தது. குள்ளமான அந்த லாரி டிரைவர் மனசே இல்லாமல் தொலைநோக்கியை விட்டு விலகினார். கண்டக்டர் தன் டார்ச்சை ஆட்டி ஆட்டி அவரை ஓரத்துக்குக் கொண்டுபோய் விட்டார். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டியிருந்தது. வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடுமாம், சிவப்பு என்றால் பாதகமில்லையாம்.

பூங்காவில் இன்று எல்லாரும் இலவசமாக வானம் பார்க்கலாம். பகலெல்லாம் பஸ்ஸில் கூட்டத்தைச் சமாளிக்கிறவர் என்பதால் வரிசையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கண்டக்டரிடம் கொடுத்திருந்தார்கள். ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் கடைசி ஆள் வரைக்கும் பார்த்துவிட வேண்டும், ஒருத்தர்கூட முகம் வாடித் திரும்பக் கூடாது என்று அவர் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார். அதனால்தான் ஆளுக்கு அரை நிமிஷம். அதற்கு மேல் ஒரு நொடி போனாலும் விசில்.

“முன்னாடி வாங்க, முன்னாடி வாங்க! பாத்தவங்க அந்தப் பக்கமா இறங்கிக்குங்க!”

“இறங்கறதுக்கு இது என்ன பஸ்ஸா?” என்று சிரித்தார் தொலைநோக்கிக்குச் சொந்தக்காரரான பல் டாக்டரம்மா. அடுத்து வந்த பெரியவரிடம், “வாயைத் திறக்க வேண்டாம் ஐயா, ஒரு கண்ணைத் திறந்தா போதும். இந்தக் குழாய்ல எல்லாமே தலைகீழாத்தான் தெரியும். மிரண்டுடாதீங்க” என்றார்.

“சனியனைத் தேடிவந்து வரிசையில நிக்கறது உலகத்துலயே நாமதான்” என்று யாரோ குரல் கொடுக்க, வரிசை மொத்தமும் சிரித்தது. பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. “வளையம்! நிஜமாவே வளையம் இருக்கு!” என்று கத்தினார். அவருக்கு விசில் அடிக்கக் கண்டக்டருக்கே மனசு வரவில்லை. ஆனாலும் அடித்தார்.

“எல்லாரும் ஒழுங்காத்தான் போறாங்க டாக்டரம்மா. அந்த லாரிக்காரர் வந்தாத்தான் வண்டி நின்னுடுது. அவர் உயரத்துக்குக் குழாயை இறக்கறீங்க, எதையோ திருகறீங்க. அவர் போனதும் மறுபடி ஏத்தறீங்க. ஒரு ஸ்டூல் கொண்டாந்து போடட்டுமா?”

“ஸ்டூல் போட்டா வேலைக்காகாதுங்க” என்றார் டாக்டரம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“அப்புறம் எதிர்ல ஆஸ்பத்திரியில அந்த ஒரு ஜன்னல். சுத்துவட்டாரத்துல எல்லா விளக்கையும் அணைக்க வெச்சுட்டேன், அது மட்டும் கண்ணைக் குத்துது. சாயந்தரம் நேர்லயே போனேன், வாசல்லயே மடக்கிட்டாங்க. பச்சைக் குழந்தைங்க வார்டாம். ஜுரம் பரவுதுன்னு பெத்தவளைத் தவிர ஒரு ஈ காக்காயை உள்ளே விடலை. போனைக்கூட வாங்கி வெச்சுக்கறாங்களாம். ஏதாவது சொல்லணும்னா நர்ஸம்மா கையில சீட்டு எழுதிக் குடுத்து அனுப்பணுமாம்.”

“எரிஞ்சுட்டுப் போகட்டும், விடுங்க. அடுத்தவங்க வாங்க!”

மணி எட்டு நாற்பத்தெட்டு. கண்டக்டர் பழக்கதோஷத்தில் தலைகளை எண்ணினார். இன்னும் இருபத்திமூன்று பேர். ஆளுக்கு அரை நிமிஷம் என்றாலே இழுபறிதான். தலை நிமிர்ந்தால், வரிசைக்கு முன்னால் மறுபடியும் அந்த லாரி டிரைவர்.

“என்னங்க நீங்க, சீசன் டிக்கெட்டா எடுத்திருக்கீங்க?”

“ஒரே ஒரு தடவை அண்ணே. விடியறதுக்குள்ள லோடு ஏத்திட்டுக் கிளம்பறேன். திரும்பி வரப் பத்து நாள் ஆகும்.”

“பத்து நாள்ல அது எங்கே ஓடிடப் போகுது? அங்கேயேதான் இருக்கும்.”

“இருக்கும் அண்ணே. ஆனா இதே மாதிரி இருக்காது.”

“அப்படி என்னத்தைத்தான் பாத்தீங்க?”

“ரொம்பச் சின்னது அண்ணே…” டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

கண்டக்டர் ஒரு நொடி தடுமாறினார். பிறகு குரலைக் கடுமையாக்கிக்கொண்டார். “இதோ பாருங்க தம்பி. உங்க பின்னாடி இருபத்திமூணு பேர், ஒரு தடவைகூடப் பாக்காதவங்க. உங்களை விட்டா ரெண்டு பேர் பாக்காமலே வீட்டுக்குப் போகணும். அவ்வளவு ஏன், நானே இன்னும் பாக்கலை!”

“நீங்க பாக்கலையா?” டாக்டரம்மா அதற்குள் குழாயை இறக்கித் திருகி முடித்திருந்தார். “அப்போ உங்க அரை நிமிஷத்தை இப்பவே எடுத்துக்குங்க. பாத்துட்டு, அவரை விடலாமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க.”

கண்டக்டர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, முதுகை வளைத்துக் குனிந்து ஒரு கண்ணை வைத்தார்.

வளையம் எதுவும் இல்லை. வெளிச்சமாக ஒரு ஜன்னல் தெரிந்தது, தலைகீழாக. அதற்குள் தலைகீழாக ஒரு பெண். அவள் ஒரு கையால் மார்போடு அணைத்திருந்த துணிச் சுருளுக்குள் தலைகீழாக ஒரு குட்டி முகம் கொட்டாவி விட்டது. மறு கையால் அவள் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்திருந்த அட்டையில் எழுத்துகள் மட்டும் நேராக இருந்தன:

“சிவப்பு டார்ச் அண்ணா, பாப்பாவோட அப்பாவுக்கு இன்னும் ஒரே ஒரு நிமிஷம் குடுங்களேன்.”